நிலம் சொந்தம், கூரைக்கு அனுமதி இல்லை: பிரிட்டனின் தேசியப் பூங்காக்களில் சிறு பண்ணைகள்

பிரிட்டனின் தேசியப் பூங்காக்களில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. அங்கே ஊர்கள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன, கற்சுவர் எழுப்பிய வயல்களில் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மக்களை வெளியேற்றி, வேலி போட்டு, வனத்துறையிடம் ஒப்படைத்த காடுகளாக அவை ஒருபோதும் இருந்ததில்லை. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட்டில் தொடங்கி 2010-இல் சவுத் டவுன்ஸ் வரை ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பிராட்ஸ் நீர்நிலைப் பகுதியையும் கணக்கிட்டால், இன்று மொத்தம் 15 பூங்காக்கள் உள்ளன: இங்கிலாந்தில் 10, வேல்ஸில் 3, ஸ்காட்லாந்தில் 2. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கும் வேல்ஸின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கும் இவற்றுக்குள் அடங்குகின்றன. இந்த எல்லைக்குள் நான்கைந்து ஏக்கர் வாங்க எவருக்கும் தடையில்லை. வாங்கிய நிலத்தில் எதைக் கட்டலாம், எதை நிறுத்தி வைக்கலாம், எங்கே படுத்து உறங்கலாம் என்ற கேள்விகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் இல்லை. பூங்காவுக்கென அமைக்கப்பட்ட தனி ஆணையமே திட்ட அனுமதி வழங்கும் அமைப்பாகவும் இருக்கிறது.

சிறு பண்ணை என்றால் எவ்வளவு நிலம் என்பதற்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஒரு ஏக்கருக்கு மேல் 50 ஏக்கர் வரை என்று பொதுவான அளவு சொன்னது. இன்று இந்தப் பூங்காக்களில் புதிதாக நிலம் வாங்குவோர் பலர் அந்த அளவின் கீழ்முனையில் நிற்பவர்கள்: இரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம், ஐந்து ஏக்கர் பழத்தோட்டமும் புதருமாகக் கலந்த நிலம், பத்து ஏக்கர் பழைய தோப்பு. பெருநிலக்காரருக்கு எழாத சட்டக் கேள்விகள் இவர்களுக்குத்தான் எழுகின்றன. அதற்குத் தனிப்பட்ட அதிகாரிகளின் கடுமை காரணமில்லை. விதிகளின் அளவுகோலே பெரிய பண்ணையை மனத்தில் வைத்து வரையப்பட்டது என்பதுதான் காரணம். இந்த இடைவெளியை விளங்கிக்கொள்ள, விதிகள் எந்த அச்சத்திலிருந்து பிறந்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனின் விவசாயம் நொடிந்து கிடந்தது. விலை போகாத வயல்களை வாங்கிய வணிகர்கள் அவற்றைச் சிறு மனைகளாகத் துண்டுபோட்டு நகரத்து உழைப்பாளிகளுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பழைய ரயில் பெட்டி, கைவிடப்பட்ட பேருந்து, மரப்பலகை என்று கிடைத்ததைக் கொண்டு வார இறுதிக் குடில்களை எழுப்பினார்கள். எசெக்ஸின் லெயிண்டன், ஜேவிக், சசெக்ஸ் கடலோரத்தின் பீஸ்ஹேவன் போன்ற இடங்கள் இப்படி வளர்ந்தவை. சாலையும் சாக்கடையும் இல்லாமல் பரவிய இந்தக் குடியிருப்புகள் கிராமப்புற அழகை விழுங்குகின்றன என்ற கவலை 1935-இல் சாலையோரக் கட்டடங்களைத் தடுக்கும் சட்டமாகவும், போர் முடிந்த பிறகு 1947-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமாகவும் உருவெடுத்தது. 1948 ஜூலை 1 முதல் நிலம் உரிமையாளரிடமே இருந்தது. அதில் கட்டும் உரிமை மட்டும் பொது அதிகாரத்தின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. இதற்கு அடுத்த ஆண்டிலேயே தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. ஆகவே பூங்காக்களின் கட்டுப்பாடு எதிலிருந்து காக்க வந்தது என்று கேட்டால், அதில் பாதி பதில் சிறு நிலத்தில் முளைக்கும் சிறு குடில் என்பதுதான். இன்றைய சிறு பண்ணையாளரின் விண்ணப்பத்தை வாசிக்கும் அதிகாரியின் மனத்தில் அந்தப் பழைய படம் இன்னும் மங்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

மறுபாதி விவசாயத்தின் மீதிருந்த நம்பிக்கை. தேசியப் பூங்காக்களுக்கு அடித்தளமிட்ட ஜான் டவரின் 1945-ஆம் ஆண்டு அறிக்கை, இயற்கையழகைக் காப்பதோடு நிலைபெற்ற விவசாயமும் திறம்படத் தொடர வேண்டும் என்பதைப் பூங்காவின் இலக்கணத்திலேயே சேர்த்தது. உழவு தொடர்ந்தால் நிலத்தோற்றம் தானாகவே காக்கப்படும் என்பது அந்தக் காலத்தின் கணிப்பு. அதனால் உழவர்களுக்குத் திட்டமிடல் சட்டத்தில் பெரிய விலக்கு தரப்பட்டது. எனினும் 1950-ஆம் ஆண்டிலேயே பீக், லேக் மாவட்டம், ஸ்னோடோனியா ஆகியவற்றின் சில பகுதிகளில் பண்ணைக் கட்டடங்களின் வடிவத்தையும் பொருளையும் மட்டும் கட்டுப்படுத்தும் தனி ஆணை வந்தது என்பதிலிருந்து, அந்த நம்பிக்கையோடு ஒரு தயக்கமும் ஆரம்பம் முதலே கலந்திருந்தது தெரிகிறது.

அந்த விலக்கு இன்றும் 1990-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 55-ஆவது பிரிவில் வாழ்கிறது. நிலத்தை விவசாயத்துக்கோ வனவளர்ப்புக்கோ பயன்படுத்துவது திட்ட அனுமதி தேவைப்படும் செயலே அல்ல. தரிசாகக் கிடந்த இடத்தில் காய்கறி நடலாம், குதிரைகள் மேய்ந்த புல்வெளியில் ஆடுகளை விடலாம், கோழி வளர்க்கலாம், பழமரம் வைக்கலாம். பூங்காவுக்குள்ளும் இதற்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 336-ஆவது பிரிவு விவசாயம் என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது: தோட்டக்கலை, பழம், விதை, பால்பண்ணை, உணவுக்கோ கம்பளிக்கோ வளர்க்கும் உயிரினங்கள், மேய்ச்சல் நிலம், கூடை முடையும் வில்லோ மரம் வளர்க்கும் நிலம் வரை அதில் உண்டு. சவாரிக்காக வளர்க்கும் குதிரை மட்டும் நுட்பமான விதிவிலக்கு. அது புல்லை மேய்ந்து வாழும் வரை நிலம் விவசாய நிலமே. தீவனம் கொண்டுவந்து போட்டு, தடுப்புகள் வைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினால் பயன்பாடு மாறிவிட்டதாகப் பொருள், அதற்கு அனுமதி வேண்டும்.

உழுவதற்குத் தடையில்லை என்றால் சிக்கல் எங்கே? உழுபவருக்குத் தேவைப்படும் பொருள்களில். மண்வெட்டியையும் சிறு டிராக்டரையும் பூட்டி வைக்க ஓர் அறை, வைக்கோல் நனையாமலிருக்க ஒரு கொட்டகை, பனிக்காலத்தில் ஆடு ஈனுவதற்கு ஒரு தொழுவம், மழையில் சக்கரம் புதையாத ஒரு வண்டிப்பாதை. இங்கிலாந்தில் இவற்றுக்கு 2015-ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை வழி செய்கிறது. அதன் ஆறாவது பகுதி பண்ணைகளுக்கு முழு விண்ணப்பம் இல்லாமலே கட்டும் உரிமை தருகிறது. அந்த உரிமைக்கு மூன்று வாயில்கள் உண்டு. அவற்றில் ஏதோ ஒன்றில் சிறு பண்ணையாளர் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுகிறார்.

முதல் வாயில், விவசாயம் ஒரு தொழிலாகவோ வணிகமாகவோ நடக்க வேண்டும் என்ற நிபந்தனை. தன் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் மூன்று ஏக்கரில் உழைப்பவர் எவ்வளவு பாடுபட்டாலும் சட்டத்தின் கண்ணில் விவசாயம் செய்பவராக இருக்கலாம். ஆனால் இந்தக் கட்டும் உரிமைக்கு உரியவர் ஆகமாட்டார். அவருக்கு ஒரு கருவி அறைகூட முழு விண்ணப்பத்தின் வழியாகத்தான் கிடைக்கும். இரண்டாவது வாயில், பரப்பளவு. பண்ணையின் மொத்த நிலம் 5 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர் இருந்தால்தான் புதிய கட்டடத்துக்கு உரிமை. அதிலும் கட்டடம் எழும் துண்டு தனியாகப் பிரிந்து கிடந்தால் அது ஒரு ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. 0.4 ஹெக்டேர் முதல் 5 ஹெக்டேர் வரை உள்ள பண்ணைக்கு, ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை ஓரளவு நீட்டவும் மாற்றவும் பாதை போடவும் மட்டுமே உரிமை உண்டு. வெறும் புல்வெளியாக வாங்கியவருக்கு நீட்டுவதற்கு எதுவும் இல்லை என்பதால், அந்த உரிமை அவருக்கு வெறும் காகிதம். மூன்றாவது வாயில், கட்டடம் அந்தப் பண்ணையின் விவசாயத்துக்கு நியாயமாகத் தேவை என்று காட்டுவது. கால்நடைத் தொழுவமாக இருந்தால், வேறொரு பண்ணையைச் சேராத எந்த அண்டை வீட்டிலிருந்தும் 400 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. குறுகிய பள்ளத்தாக்குகளில் சிதறிய வீடுகளுக்கு நடுவே இருக்கும் சிறு நிலங்களில் அப்படியோர் இடம் பெரும்பாலும் கிடைப்பதேயில்லை.

மூன்றையும் கடந்தவரும் உடனே கட்டிவிட முடியாது. ஆணையத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கட்டடத்தின் இடம், வடிவம், வெளித்தோற்றம் ஆகியவற்றை விரிவாகப் பார்க்க வேண்டுமா என்று ஆணையம் தீர்மானிக்கும். மலைச்சரிவின் உச்சியில் மின்னும் தகரக் கூரைக்குப் பதிலாக, வேலிமரங்களின் மறைவில் கருஞ்சாம்பல் கூரையும் மரச்சட்டமும் கேட்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் தோற்றத்தைக் கெடுக்க ஒரே ஒரு பொருத்தமற்ற கூரை போதும் என்பதை யாரும் மறுக்க முடியாது. என் ஆட்சேபம் வேறு. பெரிய பண்ணைகள் இந்த வழியில் கட்டக்கூடிய கட்டடத்தின் அடிப்பரப்பு 2018-இல் 465 சதுர மீட்டரிலிருந்து 1,000 ஆகவும், 2024-இல் 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. 5 ஹெக்டேர் என்ற கோடு மட்டும் அசையவில்லை. நிலத்தோற்றத்தின் கண்ணோட்டத்தில் 1,500 சதுர மீட்டர் கிடங்கைவிட 20 சதுர மீட்டர் கருவி அறை ஆபத்தானது என்று எந்த ஓவியரும் சொல்லமாட்டார்.

இந்த வாயில்களில் நிற்கும் பலர், கட்டடம் என்ற வரையறைக்குள் வராத பொருள்களைத் தேடிப் போகிறார்கள். நகர்த்தக்கூடிய கொட்டில், சக்கரம் வைத்த கோழிக்கூடு, கேரவன், பாலித்தீன் கூடாரம் எல்லாம் இந்தத் தேடலில் வருபவை. ஒரு பொருள் கட்டடமா இல்லையா என்பதை நீதிமன்றங்கள் மூன்று அளவைகளால் தீர்மானிக்கின்றன: அதன் பருமன், எவ்வளவு காலம் அங்கே நிற்கும் என்பது, நிலத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பது. சக்கரம் இருந்தால் கட்டடம் இல்லை என்று நிலம் விற்பவர்கள் சொல்லும் ஆறுதல் இந்த அளவைகளின் முன் நிற்பதில்லை. பாத் நகரை ஒட்டிய வுல்லி பள்ளத்தாக்கில் சறுக்குச் சட்டங்களில் இழுத்து நகர்த்தும் பெரிய கோழிக் கொட்டில்கள் பற்றிய வழக்கில், அவற்றுக்கு அனுமதி தேவையில்லை என்ற உள்ளாட்சியின் முடிவை உயர்நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. சர்ரேயில் பழத்தோட்டத்தின் மீது பருவந்தோறும் விரிக்கப்பட்ட பாலித்தீன் கூடாரங்கள் பற்றிய 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவை அனுமதி வேண்டுவன என்றே முடிந்தது. இரண்டும் தேசியப் பூங்காவுக்கு வெளியே நடந்தவை. ஆனாலும் பூங்கா ஆணையங்கள் பின்பற்றும் சட்டம் இதுவே.

கேரவன் விஷயத்தில் சட்டம் சற்று இளகியது. அது கட்டடமாக இல்லாமல் நிலப் பயன்பாடாகவே பார்க்கப்படுகிறது. அதனால், கேரவனைத் தீவனம் கலக்கவும் மழையில் ஒதுங்கவும் மட்டும் வைத்திருந்தால், அது விவசாயத்துக்குத் துணையான பயன்பாடே என்று 1988-இல் வெளியான வீல்டன் வழக்கின் தீர்ப்பு சொன்னது. அதே கேரவனில் ஒருவர் தொடர்ந்து இரவு தங்கத் தொடங்கினால் நிலத்தின் பயன்பாடே மாறிவிடுகிறது. தேநீர் போடும் அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையில் ஓடும் இந்தக் கோடு, நடைமுறையில் அண்டை வீட்டார் எழுதும் புகார்க் கடிதத்தால்தான் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வருகிறது.

தங்குமிடக் கேள்வியே இந்த முழு விவகாரத்தின் நெஞ்சுப் பகுதி. பூங்காக்களில் வீட்டு விலை உள்ளூர் வருமானத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. விடுமுறை இல்லமாகவும் இரண்டாம் வீடாகவும் வாங்குவோர் போட்டியில் இருக்கும்போது, சிறு நிலத்தில் உழைத்துச் சம்பாதிப்பவர் அருகிலுள்ள கிராமத்தில் வீடு வாங்குவது கனவாகவே இருக்கும். நிலத்திலேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ள முடிந்தால் வழி பிறக்கும். ஆனால் தேசியக் கொள்கை கிராமப்புறத்தின் தனித்த வீடுகளை மிகச் சில விதிவிலக்குகளோடு தடுக்கிறது. அவற்றில் சிறு பண்ணையாளருக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: நிலத்திலோ அதன் அருகிலோ நிரந்தரமாகத் தங்கியே ஆகவேண்டிய இன்றியமையாத தேவை ஒரு கிராமப்புறத் தொழிலாளிக்கு இருப்பது.

அந்தத் தேவையை மெய்ப்பிக்கும் முறை 2004-ஆம் ஆண்டின் ஒரு கொள்கை ஆவணத்தின் பின்னிணைப்பில் எழுதப்பட்டது. ஆவணம் 2012-இல் கைவிடப்பட்டது. அதன் சோதனைகள், ஒவ்வொரு பகுதியிலும் எதை எங்கே கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டங்களிலும் மேல்முறையீட்டு முடிவுகளிலும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று, செயல் சார்ந்த தேவை: நள்ளிரவில் கன்று ஈனும் பசுவையோ குட்டி சிக்கிய ஆட்டையோ கவனிக்க ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது போன்ற காரணம். அதுவும் ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டும் என்றால் போதாது. முழுநேரத் தொழிலாளி ஒருவருக்கான வேலை இருக்க வேண்டும். இன்னொன்று, பொருளாதாரச் சோதனை: பண்ணை மூன்று ஆண்டுகளாவது நடந்திருக்க வேண்டும், அதில் ஓர் ஆண்டாவது இலாபம் காட்டியிருக்க வேண்டும், தொடர்ந்து நிலைக்கும் அறிகுறியும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று ஆண்டு காலத் தற்காலிக அனுமதியில் ஒரு கேரவன் வீடு கிடைக்கலாம். அந்தக் காலத்துக்குள் கணக்கு நிமிராவிட்டால் அதை அப்புறப்படுத்த வேண்டும். தேறினாலும், அந்த வீட்டில் விவசாயத்தில் வேலை செய்பவரோ செய்து ஓய்வுபெற்றவரோ மட்டுமே குடியிருக்கலாம் என்ற கட்டு வீட்டோடு என்றென்றும் ஒட்டிக்கொள்ளும்.

நூறு பசு வைத்திருக்கும் பால்பண்ணைக்கு இந்தச் சோதனைகள் பொருத்தமானவை. ஐந்து ஏக்கரில் காய்கறியும் தேனும் முட்டையும் விற்று, பாதி உணவைத் தானே விளைத்து, மிகக் குறைந்த பணத்தில் வாழ முடிவெடுத்தவருக்கு இவை பொருந்தவில்லை. அவருடைய காய்கறிப் பாத்திகள் நள்ளிரவில் அவரைக் கூப்பிடுவதில்லை. அவருடைய கணக்குப் புத்தகம் ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் காட்டுவதில்லை, ஏனென்றால் அவருடைய சிக்கனமே அவருடைய வருமானம். அவர் கேட்பது ஆடம்பர வீடும் இல்லை. இருந்தும், அதிகம் செலவழித்து அதிகம் ஈட்டும் பண்ணையே இந்தத் தேர்வில் வெல்கிறது. நிலத்தின் மீது மிக மெல்லக் கால்பதிப்பவர் தோற்கிறார். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

பழைய கற்கொட்டகையை வீடாக்கலாமே என்ற எண்ணம் அடுத்து வரும். 2014 முதல் இங்கிலாந்தின் மற்ற பல கிராமப்புறங்களில் பண்ணைக் கட்டடங்களை வீடுகளாக மாற்ற எளிய வழி உண்டு. தேசியப் பூங்காக்கள் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. அதற்குக் காரணம் உண்டு. யார்க்‌ஷயர் டேல்ஸில் மட்டும் ஏறத்தாழ 6,000 வயற்கொட்டகைகள் இருப்பதாகக் கணக்கு. ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் வைக்கோல் வயல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டகை நிற்கும் காட்சிக்காகவே 1989-இல் அங்கே கொட்டகைகளுக்கும் கற்சுவர்களுக்குமான பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் சாளரமும் கார் நிறுத்துமிடமும் மின்கம்பமும் வந்தால் அந்தக் காட்சி போய்விடும். சாலையோரத்திலும் ஊர்களுக்குள்ளும் நிற்பவற்றை மாற்ற அனுமதித்து, வயல் நடுவே தனித்து நிற்பவற்றைக் காப்பது என்ற நடுவழியை அந்தப் பூங்கா தேர்ந்துகொண்டது. அது நியாயமான தேர்வு என்றே நினைக்கிறேன்.

விதிகளுக்கு வெளியே வாழ முயன்றவர்களின் வரலாறு இந்த விவாதத்தில் தனி இடம் பெறுகிறது. பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரத் தேசியப் பூங்காவில், நியூபோர்ட் அருகிலுள்ள பிரித்திர் மவுர் என்ற கூட்டுப் பண்ணையில், 1990-களின் பிற்பகுதியில் மரத்தூண்களும் விறகும் மண்ணும் புல்கூரையும் கொண்ட ஒரு வட்ட வீடு அனுமதியின்றி எழுந்தது. புல்வெளியோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த அதை 1998-இல் வானிலிருந்து பார்த்த பிறகே அதிகாரிகள் அறிந்தார்கள். இடிக்கச் சொல்லும் உத்தரவு, மேல்முறையீடு, மறுபடி உத்தரவு என்று ஏறத்தாழ பத்தாண்டுகள் நகர்ந்தன. இதற்கிடையில் அந்த மாவட்டமும் பூங்காவும் இணைந்து தயாரித்த திட்டத்தில், சூழலுக்கு மிகக் குறைந்த சுமை தரும் குடியிருப்புகளுக்கு இடமளிக்கும் 52-ஆவது கொள்கை சேர்ந்தது. 2008-இல் வட்ட வீடு அனுமதி பெற்றது. மறு ஆண்டு, பூங்காவுக்கு வெளியே அதே மாவட்டத்தின் கிளாண்டுர் கிராமத்தில், 9 குடும்பங்கள் கூடி உருவாக்கிய தீர் அ காவல் சிற்றூருக்கு மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது.

அந்த அனுபவத்திலிருந்து வேல்ஸ் அரசு 2010-இல் நாடு முழுமைக்குமான ஒரு கொள்கையை எழுதியது. ஒரே புவியின் வளத்துக்குள் வாழும் குடியிருப்பு என்பது அதன் கரு. பூங்காக்களுக்குள்ளும் பொருந்தும் இந்தக் கொள்கையில், இலாபம் ஈட்டுகிறாயா என்ற கேள்விக்குப் பதிலாக நிலத்திலிருந்தே வாழ்கிறாயா என்ற கேள்வி கேட்கப்படுகிறது. ஐந்தாண்டுகளுக்குள் குடும்பத்தின் அடிப்படை உணவுத் தேவையில் 65 விழுக்காடு நிலத்தின் வழியாக வர வேண்டும். அதில் ஒரு பகுதியை நிலத்தின் விளைச்சலை விற்ற பணத்தில் வாங்கலாம், ஆனால் 30 விழுக்காடாவது நேரடியாக அந்த மண்ணில் விளைந்திருக்க வேண்டும். மின்சாரமும் நீரும் அங்கேயே கிடைக்க வேண்டும். கட்டடங்கள் பிற்காலத்தில் சுவடின்றி அகற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும்; தவறினால் கட்டியதைப் பிரித்துவிட்டு வெளியேறும் திட்டமும் விண்ணப்பத்தோடே இணைக்கப்பட வேண்டும். இது இளகிய விதி இல்லை. வழக்கமான பண்ணை வீட்டு அனுமதியைவிடப் பல வகையில் கடுமையானது. ஆனால் அளவுகோல் சரியான பொருளை அளக்கிறது.

இங்கிலாந்தின் பக்கத்தில் கதை வேறு விதமாக முடிந்தது. டார்ட்மூர் பூங்காவில், மோர்ட்டன்ஹாம்ஸ்டெட் அருகே 32 ஏக்கர் தோப்பில் 2000-ஆம் ஆண்டு குடியேறிய ஒரு கூட்டுச் சமூகம் தற்காலிக அனுமதிகளில் ஆண்டுகளைக் கடத்தியது. டார்ட்மூர் ஆணையத்திடம் குறைந்த சுமைக் குடியிருப்புக்கான தனிக் கொள்கையும் இருந்தது. நிரந்தர அனுமதி கேட்டபோது மறுக்கப்பட்டது. 2016-இல் மேல்முறையீடும் தோற்றது. பதினாறு ஆண்டு வாழ்ந்த இடத்தைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. கொள்கைப் புத்தகத்தில் ஒரு பத்தி இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. எதை எப்படி அளப்பது என்ற விரிவான நடைமுறை வழிகாட்டி வேல்ஸில் இருந்தது, இங்கிலாந்தில் தேசிய அளவில் அப்படி ஒன்று இல்லை.

ஒளித்துக் கட்டி, காலம் கடந்த பிறகு உரிமை கோரலாம் என்று இப்போதும் சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அது மிகத் தவறான ஆலோசனை. இங்கிலாந்தில் வீடுகளுக்கு நான்கு ஆண்டுகளாக இருந்த நடவடிக்கைக் கால வரம்பு 2024 ஏப்ரல் 25 முதல் பத்தாண்டுகளாக நீண்டுவிட்டது. மறைத்துக் கட்டியவருக்கு அந்த வரம்பும் கைகொடுப்பதில்லை: ஹார்ட்ஃபோர்ட்‌ஷயரில் வைக்கோல் கொட்டகைக்கு அனுமதி வாங்கி அதற்குள் வீடு கட்டிக் குடியிருந்த வழக்கில், ஏமாற்றியவர் தன் ஏமாற்றின் பயனைப் பெற முடியாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. சர்ரேயில் வைக்கோல் பொதிகளின் மறைவில் கோட்டை போன்ற வீட்டைக் கட்டிய பண்ணைக்காரர் நெடிய வழக்குக்குப் பிறகு 2016-இல் அதை இடிக்க வேண்டி வந்தது. நிலம் வாங்கும் முன், பூங்கா ஆணையத்தின் அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் ஆலோசனை கேட்பதும், அந்த நிலத்துக்குக் கட்டும் உரிமைகளை நீக்கும் தனி உத்தரவு ஏதும் உள்ளதா என்று பார்ப்பதும் மட்டுமே பாதுகாப்பான வழி. துண்டுபோட்டு விற்கப்படும் வயல்களில் வேலி போடும் உரிமையைக்கூட இத்தகைய உத்தரவால் நீக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பூங்கா ஆணையங்களின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு இரண்டு நோக்கங்களை வகுத்தது: இயற்கையழகையும் உயிரினங்களையும் பண்பாட்டு மரபையும் காத்து மேம்படுத்துவது, மக்கள் அவற்றை அறிந்து மகிழ வாய்ப்பளிப்பது. இரண்டும் மோதினால் முதலாவதற்கே கூடுதல் எடை என்பது தேசியப் பூங்காக்களைப் பற்றி 1974-இல் அறிக்கை தந்த சாண்ட்ஃபோர்ட் குழுவிலிருந்து வந்த விதி. உள்ளூர் மக்களின் பொருளாதார, சமூக நலனை வளர்க்க முயல்வது அந்த நோக்கங்களை நிறைவேற்றும்போது உடன்வரும் கடமையாக மட்டுமே எழுதப்பட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் எல்லாப் பொது அமைப்புகளும் இந்த நோக்கங்களை முன்னெடுக்க முயல வேண்டும் என்று கடமையை மேலும் வலுப்படுத்தியது. இந்த எடைக்கற்களோடு உட்காரும் ஓர் அதிகாரி, ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த நூறு பேருக்கு எப்படி மறுப்பது என்று அஞ்சுவதில் வியப்பில்லை. வீடு கட்டும் எண்ணத்தோடு மட்டுமே வயல் வாங்கி, நான்கு ஆடுகளைக் காட்டி விண்ணப்பிப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் அந்த முதல் நோக்கத்தில் பண்பாட்டு மரபு என்ற சொற்கள் இருக்கின்றன. லேக் மாவட்டம் 2017-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது மலைகளுக்காகவும் ஏரிகளுக்காகவும் மட்டும் இல்லை. அந்த மலைகளில் சிறு ஆட்டுப்பண்ணைகள் நூற்றாண்டுகளாகச் செதுக்கிய நிலத்தோற்றத்துக்காகவும்தான். கற்சுவரை எழுப்பியவர்கள், அதை ஆண்டுதோறும் செப்பனிடுபவர்கள், வைக்கோல் வயலைக் காலம் தப்பாமல் அறுப்பவர்கள் ஆகியோர் இல்லாமல் அந்தத் தோற்றம் ஒரு தலைமுறைகூடத் தாங்காது. பழைய பண்ணைகள் அண்டையிலுள்ள பெரிய பண்ணையோடு இணைந்து, பண்ணை வீடு விடுமுறை இல்லமாக விலைபோகும்போது, அந்தக் கைகளின் எண்ணிக்கை குறைகிறது. புதிய கைகள் வருவதற்கான வாயில் 5 ஹெக்டேர் கோட்டிலும் இலாபக் கணக்கிலும் அடைபட்டிருக்கிறது.

வேறுபடுத்திப் பார்ப்பது முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. நியூ ஃபாரஸ்ட் பூங்காவில், பொது மேய்ச்சல் நிலத்தில் குதிரைகளையும் மாடுகளையும் விடும் மரபுரிமை பெற்றவர்களின் குடும்பங்களுக்கென்றே தனி வீட்டுக் கொள்கை இருக்கிறது. அவர்கள் வழக்கமான பண்ணைச் சோதனையில் தேறுவது கடினம்; அவர்களுடைய மேய்ச்சல் நின்றால் அந்தக் காடே மாறிவிடும் என்பதை உணர்ந்த ஆணையம், தொடர்ந்து மேய்த்து வந்த வரலாற்றையே தகுதியாக ஏற்று, வீடு மரபுரிமையாளர்களிடமே தங்கும்படி கட்டும் போட்டது. அதாவது ஓர் ஆங்கிலப் பூங்கா ஆணையமே, நிலத்தில் உழைப்பதையும் நிலத்தில் வீடு தேடுவதையும் பிரித்தறியும் விதியை எழுதிக் காட்டியிருக்கிறது. மற்றப் பூங்காக்களும் ஐந்து ஏக்கர் உழவருக்கு இதேபோல் எழுதலாம்: உழைப்புக்கு ஆண்டறிக்கை, அகற்றக்கூடிய சிறு கட்டடம், தவறினால் பிரித்தெடுக்கும் உறுதி, நிலத்தையும் வீட்டையும் தனித்தனியே விற்க முடியாத பிணைப்பு. இங்கிலாந்தில் ஒவ்வொரு ஆணையமும் தன் உள்ளூர்த் திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்தாக வேண்டும். திட்டத்தைத் திருத்தும்போது நடக்கும் கருத்துக் கேட்பில் நிலமுள்ளவரும் இல்லாதவரும் எழுதலாம். சிறு பண்ணையாளர்கள் தங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிறகு மேல்முறையீட்டுக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பகுதியை, திட்டத்தில் அதற்கான கொள்கைப் பத்தி எழுதப்படும் நேரத்திலேயே செலவிடுவது நல்லது.